கணக்குப் போட வந்த எடித் கிளார்க்

மின்வலு இலத்திரனியல் படிப்பவர்கள் தினமும் உச்சரிக்கும் பெயர்களுள் ஒன்று கிளார்க். தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் கூரை நிறையச் சூரியப் படல்கள் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலிருந்து வரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றித் தரும் பெட்டிக்கு இன்வேட்டர் என்று பெயர். அதற்குள்ளே விரல் நகத்தளவு சிப் ஒன்று ஒரு விநாடியில் பல ஆயிரம் தடவை ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கின் முதற் படியை நாங்கள் கிளார்க் உருமாற்றம் என்போம். பெயரைச் சொல்லுவோமே தவிர, யார் இந்தக் கிளார்க் என்று கேட்பவர் குறைவு. பாடநூல்களில் குடும்பப் பெயர் மட்டும் இருப்பதால், அது ஒரு பெண்ணின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது.

நான் இக்கல்லூரியில் கணிதப் பிரிவில் உயர்தரம் படித்துவிட்டு இப்போது பொறியியல் பீடத்தில் மின் பொறியியல் பயில்கிறேன். சென்ற நீண்ட விடுமுறையில் மின்வலு இலத்திரனியல் ஆய்வுகூடம் ஒன்றில் பத்து வாரங்கள் பயிற்சி பெற்றேன். அங்கே என் மேசையில் இருந்த இன்வேட்டரின் நிரலில் கிளார்க்கின் பெயர் பல இடங்களில் இருந்தது. அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு விடயம்தான். இந்தத் துறைக்குள் அவர் வந்ததும் ஒரு விடுமுறைப் பயிற்சியின் வழியாகத்தான்.

எடித் கிளார்க் 1883 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பம். பன்னிரண்டு வயதாகும்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. மூத்த சகோதரியே அவரை வளர்த்தார். பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் அவருக்கும் ஒரு சிறு பங்கு இருந்தது. பதினெட்டு வயதானபோது அந்தப் பங்கு கைக்கு வந்தது. அக்காலத்தில் தாய் தகப்பன் இல்லாத ஒரு குமர்ப்பிள்ளையின் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை எதற்கு ஒதுக்கி வைப்பார்கள் என்பதை நம் ஊர்ப் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலும் நிலைமை அவ்வளவாக வேறுபட்டிருக்கவில்லை. எடித் அந்தப் பணத்தைக் கொண்டு நியூயோர்க் மாநிலத்தில் உள்ள வாசர் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கென்று நடத்தப்பட்ட கல்லூரி அது. கணிதமும் வானியலும் படித்து 1908 இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 25.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு அப்போது திறந்திருந்த கதவு ஆசிரியத் தொழில். அவரும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்கள் பாடசாலையிலும், பிறகு மேற்கு வேர்ஜீனியாவில் மார்ஷல் கல்லூரியிலும் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். மரியாதையான தொழில், போதுமான சம்பளம். ஆனால் 1911 இல் அதை விட்டுவிட்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் மாணவியாகச் சேர்ந்தார். இருபத்தெட்டு வயதில் மறுபடியும் முதலாம் வருடம். தன்னைவிடப் பத்து வயது குறைந்த பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

முதலாம் வருடம் முடிந்து 1912 இன் கோடை விடுமுறை வந்தது. அந்த விடுமுறைக்கு எடித்துக்கு ஒரு வேலை கிடைத்தது. நியூயோர்க்கில் ஏடி அண்ட் டீ தொலைபேசிக் கம்பனியில் ஜோர்ஜ் கெம்பல் என்ற ஆய்வாளருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை. அந்த வேலையைச் செய்பவர்களுக்குக் கம்பியூட்டர் என்று பெயர். இன்று அந்தச் சொல் ஓர் இயந்திரத்தைக் குறிக்கிறது. அன்று அது மனிதர்களைக் குறித்தது, அவர்களில் மிகப் பலர் பெண்கள். மேசை, தாள், பென்சில், மடக்கை அட்டவணை, ஸ்லைட் ரூல் எனப்படும் நகரும் அளவுகோல், சில இடங்களில் கையால் சுழற்றும் கூட்டல் இயந்திரம். காலையிலிருந்து மாலை வரை எண்கள்.

அப்படி என்ன கணக்கு? ஒரு மின்குமிழையும் மின்கலத்தையும் இணைக்கும் சிறு கம்பியை நாம் வெறும் தடையாக எண்ணிக் கணக்கிடலாம். கம்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளும்போது அது நடக்காது. கம்பி தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பக்கத்துக் கம்பியோடு சேர்ந்து ஒரு கொள்ளளவி போலவும் நடந்துகொள்கிறது. ஒரு முனையில் பேசிய குரல் மறுமுனைக்குப் போகும்போது தேய்ந்தும் உருமாறியும் போகிறது. இடையிடையே சுருள்களைப் பொருத்தினால் குரல் தேயாமல் போகும் என்று கணித வழியாகக் காட்டியவர்களுள் கெம்பலும் ஒருவர். எத்தனை மைலுக்கு ஒரு சுருள், எவ்வளவு பெரிய சுருள் என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டும். சிக்கலெண்களும் அதிபரவளைவுச் சார்புகளும் கலந்த கணக்கு. ஒரு தானத்தில் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

கோடை முடிந்தது, விஸ்கொன்சினில் வகுப்புகள் தொடங்கின. எடித் திரும்பிப் போகவில்லை. இதை வாசிக்கும் பெற்றோர் எவரும் பதற வேண்டாம்; படிப்பை இடைநிறுத்துமாறு நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. அவரும் படிப்பை நிறுத்தவில்லை என்பதே என் எண்ணம். பகலில் கம்பனியில் கணக்கு. இரவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் வகுப்பு, ஹண்டர் கல்லூரியில் வானொலி பற்றிய வகுப்பு. கொஞ்ச காலத்தில் தானே ஒரு பெண்கள் குழுவுக்குக் கணக்குப் போடும் முறையைப் பழக்கி, அவர்களை வழிநடத்தும் பொறுப்புக்கு வந்தார். ஒரு கோடைக்கென்று எடுத்த வேலை ஆறு வருடம் நீண்டது.

இந்த ஆறு வருடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். கணக்குப் போடுபவருக்குக் கொடுக்கப்படுவது ஒரு சமன்பாடும் சில எண்களும். அந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது, விடை எதற்குத் தேவை என்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிரலில் இடைவெளிகளை நிரப்பினால் போதும். எனது பயிற்சியின் முதல் வாரத்தில் எனக்குத் தரப்பட்ட வேலையும் ஏறத்தாழ இதுதான். இன்வேட்டரின் ஆளிகள் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்தெடுக்கும் அலுமினியத் தகட்டின் வெப்பநிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரத்தில்தான் அந்த எண்களை வைத்து ஆளியை எவ்வளவு வேகமாக இயக்கலாம் என்று தீர்மானிப்பார்கள் என்பது எனக்கு விளங்கியது. அதன் பிறகு அதே வேலை வேறொரு வேலையாகிவிட்டது. எடித் கிளார்க் கெம்பலுக்கு அருகில் இருந்து செய்த வேலை இந்த இரண்டாவது வகை. எண்களுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளைப் பயிற்சிக்கு வேறூருக்கு அனுப்பும்போது எங்கே தங்குவாள், யாரோடு போய் வருவாள், மஃரிபுக்கு முன் வந்துவிடுவாளா என்று உம்மாவும் வாப்பாவும் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: அங்கே அவளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள், அது எதற்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களா?

1918 இல் எடித் தொலைபேசிக் கம்பனியை விட்டு மஸசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் சேர்ந்தார். அடுத்த வருடமே மின் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அந்த நிறுவகத்தில் அத்துறையில் முதுமாணியான முதற் பெண் அவர். இனி வேலைக்குக் குறைவிருக்காது என்று நாம் நினைப்போம். ஆனால் பொறியியலாளர் என்ற பதவியில் அவரை எடுக்க எந்தக் கம்பனியும் முன்வரவில்லை. கடைசியில் ஸ்கெனக்டடி நகரில் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனி ஒரு வேலை கொடுத்தது. என்ன வேலை? சுழலிகளின் உட்பாகங்களில் உண்டாகும் தகைப்புகளைக் கணக்கிடும் பெண்கள் குழுவுக்கு மேற்பார்வை. ஏழு வருடத்துக்கு முன்பு எந்த மேசையில் தொடங்கினாரோ, பட்டத்தோடு திரும்பவும் அதே மாதிரியான ஒரு மேசை.

அந்த மேசையில் இருந்தபடியே அவர் ஒரு கருவியைச் செய்தார். நீண்ட மின்கம்பி வழியே மின்சாரம் அனுப்பும்போது மறுமுனையில் அழுத்தம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று கண்டறிவது தொலைபேசிக் கம்பிக் கணக்கின் உறவுக்காரக் கணக்கு. அதே அதிபரவளைவுச் சார்புகள், அதே அலுப்பு. எடித் அந்தச் சமன்பாடுகளை வரைபுகளாக மாற்றி, அவற்றின் மேல் திருப்பி வைத்து வாசிக்கக்கூடிய ஒரு கையைப் பொருத்தினார். பார்வைக்குப் பாடசாலைக் கேத்திரகணிதப் பெட்டியில் இருக்கும் சாமான் போலத்தான் இருக்கும். 250 மைல், அதாவது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளம் வரையான கம்பிகளுக்கு அதை வைத்து விடை காணலாம். பழைய முறையைவிடப் பத்து மடங்கு விரைவு. 1921 இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1925 இல் கிடைத்தது. கணக்குப் போடுவதற்கென்று வைக்கப்பட்ட ஒருவர், கணக்குப் போடும் வேலையையே பெருமளவு இல்லாமற் செய்யும் கருவியைச் செய்து வைத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் பொறியியலாளர் பதவி வரவில்லை. அந்த 1921 இலேயே அவர் கம்பனியை விட்டுத் துருக்கிக்குப் போனார். இன்று இஸ்தான்புல் என்று அழைக்கப்படும் நகரில், கொன்ஸ்தாந்திநோபிள் மகளிர் கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்தார். இந்தக் கல்லூரியைப் பற்றி நம் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துருக்கியின் புகழ்பெற்ற நாவலாசிரியை ஹாலிதே எதிப் 1901 இல் பட்டம் பெற்று வெளியேறியது இங்கிருந்துதான். அதில் பட்டம் பெற்ற முதல் முஸ்லிம் பெண் என்று அவரைச் சொல்வார்கள். எடித் போன சமயத்தில் முதலாம் உலகப் போரில் வென்ற நாடுகளின் படைகள் அந்நகரில் நிலைகொண்டிருந்தன, ஹாலிதேயோ அனத்தோலியாவில் விடுதலைப் போராட்டத்தில் இருந்தார். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு வகுப்பறையில் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளில் யாராவது தம் ஆசிரியையைப் பற்றி ஏதும் எழுதி வைத்திருந்தால் வாசிக்க எனக்கு ஆசை.

ஒரு வருடத்துக்குப் பிறகு, 1922 இல், ஜெனரல் இலெக்ட்ரிக் அவரை மீண்டும் எடுத்தது. இம்முறை மின் பொறியியலாளராக. அமெரிக்காவில் அந்தப் பதவியில் தொழிலாற்றிய முதற் பெண் என்று அவரைக் கருதுகிறார்கள். அப்போது வயது 39. கோடை விடுமுறையில் கணக்குப் போட வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அதே கம்பனியில் அடுத்த இருபத்து மூன்று வருடங்கள் இருந்தார்.

அவர் அங்கே செய்த ஆய்வுகளில் ஒன்றை விளக்கப் பார்க்கிறேன். மின்நிலையங்களில் சுழலும் பிறப்பாக்கிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒரே கதியில், ஒரே தாளத்தில் சுழல வேண்டும். வெகு தூரத்தில் இருக்கும் இரண்டு இயந்திரங்களைக் கம்பி இணைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வழியே அதிக வலுவை அனுப்ப அனுப்ப, ஒன்று மற்றதைவிடச் சற்று முந்திய கோணத்தில் நின்று சுழலும். இறப்பர்ப் பட்டியை முறுக்குவதுபோல இது. ஓர் எல்லை வரை பட்டி தாங்கும். எல்லை தாண்டினால் இயந்திரங்கள் தாளம் தப்பி, மின்தொகுதி முழுவதும் குலைந்துபோகும். கம்பி நீள நீள அந்த எல்லை சுருங்குகிறது. அமெரிக்காவில் நகரங்கள் ஓரிடத்திலும் நீர்வீழ்ச்சிகள் வேறிடத்திலும் இருந்ததால் இந்த எல்லையை முன்கூட்டியே கணித்தாக வேண்டியிருந்தது. அதைக் கணிக்கும் முறையைப் பற்றி எடித் எழுதிய கட்டுரையை 1926 பெப்ரவரி 8 ஆம் திகதி அமெரிக்க மின் பொறியியலாளர் நிறுவகத்தின் கூட்டத்தில் அவரே வாசித்தார். அந்த மேடையில் ஆய்வுக் கட்டுரை வாசித்த முதற் பெண் அவர். 1932 இலும் 1941 இலும் அவருடைய கட்டுரைகளுக்கு அதே நிறுவகம் பரிசளித்தது. இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போய் நாம் இருட்டில் உட்கார்ந்திருந்த நாள்களை நினைத்துப் பார்த்தால், இந்த எல்லை வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பது விளங்கும்.

இனி அவர் பெயரைத் தாங்கிய உருமாற்றத்துக்கு வருகிறேன். பெரிய மின்தொகுதிகளில் மின்சாரம் மூன்று கம்பிகளில் போகிறது. நாம் த்ரீ பேஸ் என்பது இதைத்தான். மூன்று ஓட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். எல்லாம் சமநிலையில் இருந்தால் எந்தக் கணத்திலும் மூன்றையும் கூட்டினால் பூச்சியம். அப்படியானால் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே தெரிந்துவிடும். மூன்றைத் தூக்கிச் சுமப்பானேன்? இணைந்த கணிதத்தில் ஒரு விசையை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் கூறுகளாக்குகிறோம் அல்லவா, அதைப் போல மூன்று ஓட்டங்களையும் செங்குத்தான இரு அச்சுகளில் இரண்டு கூறுகளாக எழுதலாம். அல்பா, பீற்றா என்று பெயர். சமநிலை குலைந்திருந்தால் அதைக் காட்டுவதற்குப் பூச்சியக் கூறு என்று மூன்றாவதாக ஒன்று. சார்ல்ஸ் போர்ட்டெஸ்கியு 1918 இல் காட்டிய சமச்சீர்க் கூறுகள் என்ற முறை ஏற்கனவே இருந்தது. அதில் சிக்கலெண்கள் வரும். கிளார்க்கின் முறையில் மெய்யெண்களோடு காரியம் முடிந்துவிடுகிறது. பத்து வருடம் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒருவருக்குத்தான் இந்தச் சிக்கனம் தோன்றியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இந்த முறைகளையெல்லாம் சேர்த்து 1943 இல் ஆடலோட்ட வலுத் தொகுதிகளின் சுற்றுப் பகுப்பாய்வு பற்றி ஒரு பாடநூலை வெளியிட்டார். இரண்டாம் பாகம் 1950 இல் வந்தது. இளம் பொறியியலாளர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவர் தயாரித்த குறிப்புகளிலிருந்து வளர்ந்த நூல் அது. பல வருடங்கள் அத்துறை மாணவர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

1945 இல் ஓய்வுபெற்று மேரிலாந்தில் ஒரு பண்ணை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம்கூட அமைதியாக இருக்க முடியவில்லை. 1947 இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் அழைத்தது. ஒஸ்டின் நகருக்குப் போய் மின் பொறியியல் கற்பித்தார். அந்நாட்டில் மின் பொறியியற் பேராசிரியரான முதற் பெண் அவர். ஆசிரியத் தொழிலை விட்டு ஓடியவர் அறுபத்து நான்கு வயதில் மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். ஆனால் 1911 இல் விட்ட பாடமும் 1947 இல் எடுத்த பாடமும் ஒன்றல்ல. 1948 இல் மின் பொறியியலாளர் நிறுவகம் தன் உயர் உறுப்புரிமையை முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, இவருக்கு, வழங்கியது. 1954 இல் அமெரிக்கப் பெண் பொறியியலாளர் சங்கம் அவரைக் கௌரவித்தது. 1956 வரை கற்பித்துவிட்டு மேரிலாந்துக்குத் திரும்பினார்.

அவர் ஓய்வுபெற்ற மறு வருடம், 1957 இல், அவர் வேலை செய்த அதே ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியில் தைரிஸ்டர் என்ற குறைகடத்தி ஆளி உருவானது. பெரிய மின்னோட்டங்களைச் சின்னஞ்சிறு துண்டுச் சிலிக்கனால் கட்டுப்படுத்தலாம் என்றாகி, நான் இன்று படிக்கும் மின்வலு இலத்திரனியல் அங்கிருந்துதான் வளரத் தொடங்கியது. எடித் கிளார்க் 1959 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலமானார். தாளும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடுபவரின் சிரமத்தைக் குறைக்க அவர் எழுதிய அந்தச் சில வரிகள் சிப்புக்குள் போனது அதற்குப் பல வருடங்கள் கழித்து. மோட்டார்களைச் சுழற்றும் இயக்கிகளிலும், மின்சாரக் கார்களிலும், காற்றாலைகளிலும், சூரிய மின் இன்வேட்டர்களிலும் அவை இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன.